அச்சுவேலியில் ஓர் உறுமல் பெட்டி

யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் பருத்தித்துறை பஸ் ஏறினால் நல்லூர், கல்வியங்காடு, இருபாலை, கோப்பாய் என்று ஓர் ஊர் முடிந்தது தெரியாமலே அடுத்த ஊர் வந்துகொண்டிருக்கும். நீர்வேலியில்தான் கண்ணுக்கு வெளி கிடைக்கும். செம்மண், வாழைத் தோட்டங்கள், தண்ணீர் இறைக்கும் மெசினின் விடாத சத்தம். அடுத்தது சிறுப்பிட்டி. செல்லரித்துக்கொண்டிருந்த ஏடுகளைத் தேடியெடுத்து 1887 இல் கலித்தொகையை அச்சேற்றிய சி. வை. தாமோதரம்பிள்ளை பிறந்த ஊர். புத்தூரில் இறங்கினால் நிலாவரைக் கிணற்றைப் பார்க்கலாம். மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீருமாக நிற்கும் அந்தக் கிணற்றுக்கு, வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வருகிறவர்களை வான் பிடித்துக் கூட்டிவருவார்கள். நான் அங்கே இறங்கவில்லை. ஆவரங்கால் கடந்து அச்சுவேலியில் இறங்கினேன். நான் பார்க்கப் போனது கிற்றாரோடு பொருத்தும் ஒரு சின்ன இரும்புப் பெட்டியை.

அதன் சத்தத்தை யாழ்ப்பாண நகரத்தில் நடந்த ஓர் ஒளிவிழாவில் முதலில் கேட்டேன். பிள்ளைகள் கரோல் பாடி முடிந்து இளைஞர் குழு மேடைக்கு வந்திருந்தது. பாட்டின் நடுவில் கிற்றார் வாசித்த பையன் காலால் எதையோ மிதித்தான். அதுவரை மெல்லிய கம்பிச் சத்தமாக இருந்தது திடீரென்று தடித்து, நீண்டு, நாதஸ்வரத்தின் வீச்சோடு மண்டபத்தை நிறைத்தது. நிகழ்ச்சி முடிந்து வயர் சுற்றிக்கொண்டிருந்தவனிடம் போய், என்ன பெடல் என்று கேட்டேன்.

"நான் செய்தது அண்ணை. பழைய றேடியோச் சாமானில. ஒருக்கா அச்சுவேலிக்கு வாங்கோ, திறந்து காட்டுறன்."

கிற்றார் வாசிக்காதவர்களுக்கு இதைக் கொஞ்சம் சொல்லவேண்டும். மின்கிற்றாரின் கம்பி அதிரும்போது அதன் கீழிருக்கும் காந்தச் சுருளில் ஒரு சிறு மின் அலை உண்டாகிறது. அதன் அளவு பெரும்பாலும் ஒரு வோல்ற்றின் பத்திலொரு பங்கை அண்டியே இருக்கும். அதை அம்பிளிபயர் பெருக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. நடுவில் ஒரு பெட்டியை வைத்து, அந்த அலையை அளவுக்கு மீறிப் பெருக்கி, இவ்வளவுக்கு மேலே போகாதே என்று மறித்துவிட்டால் அலையின் தலை தட்டையாகிவிடும். கிளுவைக் கதியால் வேலியில் உயர்ந்து நிற்கும் கொப்புகளைக் கத்தியால் ஒரே மட்டத்துக்கு வெட்டுகிற வேலைதான் இது. தலை வெட்டுப்பட்ட அலையில், மூல சுரத்தோடு அதன் இரு மடங்கு, மும்மடங்கு, ஐந்து மடங்கு அதிர்வுகளெல்லாம் சேர்ந்து கிளம்புகின்றன. காதுக்கு அது உறுமலாகக் கேட்கிறது. ஆங்கில உலகம் இதை டிஸ்டோர்ஷன் என்கிறது. இன்னும் முரட்டுத்தனமாக வெட்டினால் ஃபஸ் என்கிறது.

இந்த உறுமல் நமக்குப் புதியதென்று நினைக்கவேண்டாம். தம்புராவின் குதிரையில் கம்பிக்கு அடியில் ஒரு நூலைச் செருகி, அது சரியான இடத்துக்கு வரும்வரை நகர்த்திக்கொண்டிருப்பார்கள். அந்த நூல் இல்லாவிட்டால் தம்புரா வெறுமனே டொங் டொங் என்று ஒலிக்கும். நூல் இடம்பிடித்ததும் கம்பி குதிரையில் உரசி மேலதிர்வுகள் எல்லாம் விழித்துக்கொள்கின்றன. சுத்தமான ஒலியைக் கொஞ்சம் கெடுத்தால்தான் அது நிறைந்து ஒலிக்கும் என்பதைத் தம்புரா செய்தவர்கள் மின்சாரம் வருவதற்கு வெகுகாலம் முன்னரே அறிந்திருந்தார்கள்.

சந்தியிலிருந்து பையனின் வீட்டுக்கு நடந்தே போனேன். அச்சுவேலி கைவேலைக்குப் பேர்போன ஊர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முடிவிலும் அதற்குப் பிறகும் ச. தம்பிமுத்துப்பிள்ளை இங்கே ஞானப்பிரகாச யந்திரசாலை என்ற அச்சகத்தை நடத்தி, கத்தோலிக்க நாட்டுக்கூத்து நூல்களை வெளியிட்டார். அவருடைய வளர்ப்பில் இந்த ஊரில் வளர்ந்தவர்தான் பன்மொழி அறிஞர் சுவாமி ஞானப்பிரகாசர். அந்தக் குடும்பத்தின் இன்னொரு வாரிசைப் பற்றிக் கட்டாயம் சொல்லவேண்டும். கவிஞர் எம். ஜே. தம்பிமுத்து 1938 இல் லண்டன் போய், அடுத்த ஆண்டே ‘பொயட்ரி லண்டன்’ இதழைத் தொடங்கினார். முதுமையில் அவர் பீற்றில்ஸ் குழுவின் ஆப்பிள் நிறுவனத்தின் துணையோடு ‘பொயட்ரி லண்டன்/ஆப்பிள்’ இதழை நடத்தினார். அந்த பீற்றில்ஸ் குழுவே 1968 இல் ‘ரெவல்யூஷன்’ பாட்டுக்காகக் கிற்றார்களை அம்பிளிபயர் இல்லாமல் ஒலிப்பதிவு மேசையிலேயே நேராகச் செருகி, மேசை தாங்காத அளவுக்கு ஏற்றி, அக்காலத்தின் மிக முரடான கிற்றார்ச் சத்தங்களில் ஒன்றைப் பதிந்தது. அச்சுவேலியையும் அந்தச் சத்தத்தையும் இணைக்கும் கோடு மெல்லியதுதான். ஆனாலும் அந்த வெயிலில் நடக்கையில் எனக்கு அது பெரிய சந்தோஷத்தைத் தந்தது.

ஊரில் கைத்தொழிற்பேட்டை ஒன்றும் உண்டு. 1971 இல் தொடங்கி, எண்பதுகளில் போரால் முடங்கி, இந்திய உதவியோடு திருத்தப்பட்டு 2014 இல் மறுபடி திறந்தது. இந்தக் கதைக்குரிய தொழிற்சாலை அங்கே இல்லை, ஒரு வீட்டு விறாந்தையில் இருக்கிறது.

விறாந்தையின் ஒரு மூலையில் பள்ளிக்கூட மேசை. அதன்மேல் ஈயம் பற்றவைக்கும் அயன், மல்டிமீற்றர், பிஸ்கட் ரின்களில் தரம்பிரித்த தடைகளும் கொள்ளளவிகளும். மேசைக்குக் கீழே முதுகு திறந்தபடி வானொலிப் பெட்டிகள். பக்கத்துச் சாய்மனைக் கதிரையில் பையனின் மாமா இருந்தார். முன்பு சந்தியில் றேடியோ திருத்தும் கடை வைத்திருந்தவர்.

"வாங்கோ தம்பி, இருங்கோ. உவன் உங்களைப் பற்றிச் சொன்னவன்," என்றார். "சத்தம் உடையாமல் வரவேணும் எண்டுதான் நான் வாழ்நாள் முழுக்கப் பாடுபட்டது. இவன் உடைக்கிறதுக்கெண்டு பெட்டி செய்யிறான். ஆனா கேட்டுப் பாருங்கோ, அதிலயும் ஒரு அழகு கிடக்கு."

அவர் சொன்னதைத்தான் இந்தச் சத்தத்தின் வரலாறும் சொல்கிறது. அது தொடக்கத்திலிருந்து பழுதுகளின் வரலாறு. 1951 இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரத்துக்கு ‘ராக்கெட் 88’ பாட்டைப் பதியப் போன குழுவின் அம்பிளிபயர் சேதமாகியிருந்தது. ஸ்பீக்கருக்குள் காகிதத்தை அடைத்துக்கொண்டு வாசித்தார்கள், கரகரப்பு அப்படியே இசைத்தட்டில் ஏறிவிட்டது. 1964 இல் லண்டனில் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் என்ற இளைஞர் தன் சின்ன அம்பிளிபயரின் ஸ்பீக்கர்த் தாளைச் சவர பிளேட்டால் கீறினார். இந்த இரண்டுக்கும் நடுவில் நாஷ்வில் நகரத்தில் மார்ட்டி ராபின்ஸின் பாட்டு ஒன்றைப் பதியும்போது ஒலிப்பதிவு மேசையின் ஒரு வழி பழுதாகி, பேஸ் கிற்றார் கர்ரென்று இரைந்தது. ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னொடிக்கு அந்தப் பழுதின் சத்தம் பிடித்துப்போயிற்று. ரெவிஸ் ஹொப்ஸ் என்பவரோடு சேர்ந்து அதே பழுதை வேண்டியபோது வரவழைக்கும் மின்சுற்று ஒன்றை அமைத்தார். ஜேர்மானியம் என்ற மூலகத்தால் ஆன 3 ரான்சிஸ்டர்கள் கொண்ட அந்தப் பெட்டியை கிப்சன் நிறுவனம் 1962 இல் ‘மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்’ என்ற பெயரில் விற்கத் தொடங்கியது. 1965 இல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் ‘சற்றிஸ்பக்ஷன்’ பாட்டில் அதைப் பயன்படுத்தியதோடு அந்தச் சத்தம் உலகமெல்லாம் போனது.

அடுத்த ஆண்டு, 1966 இல், லண்டனில் ஆர்பிற்றர் நிறுவனம் ‘ஃபஸ் பேஸ்’ என்ற வட்டமான பெடலைக் கொண்டுவந்தது. ஜிமி ஹென்ட்ரிக்ஸின் காலடியில் கிடந்தது அது. பையன் செய்திருப்பதும் அதே சுற்றுத்தான். 2 ரான்சிஸ்டர், 4 தடை, 3 கொள்ளளவி, 2 திருகி. மொத்தம் 11 உறுப்புகள். அவன் காகிதத்தில் வரைந்து காட்டினான், பென்சில் ஒரு தரம்கூடத் தயங்கவில்லை. முதல் ரான்சிஸ்டர் பெருக்குகிறது, இரண்டாவது அதை இன்னும் பெருக்கி மறுபடி முதலாவதுக்கே கொஞ்சம் திருப்பி அனுப்புகிறது. 9 வோல்ற் பற்றரிக்குள் அவ்வளவு பெரிய அலைக்கு இடம் கிடையாது. அலை முட்டி நிற்கிறது, மேற்புறம் ஒரு விதமாகவும் கீழ்ப்புறம் வேறு விதமாகவும் வெட்டுப்படுகிறது.

இதற்கு ஜேர்மானிய ரான்சிஸ்டர் வேண்டும். பிற்காலத்தில் எல்லா இடத்தையும் பிடித்துக்கொண்ட சிலிக்கன் ரான்சிஸ்டரிலும் இதைச் செய்யலாம், பல பெயர்பெற்ற பெடல்கள் அதில்தான் செய்யப்பட்டன. ஆனால் ஜேர்மானியத்தின் ஒலியில் ஓர் உருண்டை இருக்கிறது. உலகச் சந்தையில் இன்று அவை அரும்பொருள், ஒரு நல்ல சோடிக்கு ஆட்கள் பெரும் பணம் கொடுக்கிறார்கள். அவை அச்சுவேலியில் எப்படி?

மாமா மேசைக்கடியிலிருந்து ஒரு பெட்டியை இழுத்து வைத்தார். அறுபதுகளின் கடைசியில் வந்த ஐரோப்பிய ரான்சிஸ்டர் றேடியோ. ஸ்பீக்கருக்குச் சத்தம் கொடுக்கும் கடைசிக் கட்டத்தில் உலோகத் தொப்பி போட்ட இரண்டு ரான்சிஸ்டர்கள் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. எழுத்து மங்கியிருந்தாலும் படிக்க முடிந்தது: ஏசி 128. ஃபஸ் பேஸ் பெடலுக்கு இன்று உலகம் முழுக்கத் தேடுகிற ரான்சிஸ்டர்களில் ஒன்று இது. இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையையும் நல்லூர்த் திருவிழா நேர்முக வர்ணனையையும் பிபிசி தமிழோசையையும் குடாநாட்டு வீடுகளுக்குள் ஒலிக்கச் செய்த சாமான், இத்தனை காலம் பரணில் தூசுக்குள் கிடந்திருக்கிறது.

அந்தப் பெட்டியின் கதையை மாமா சொன்னார். 1990 ஜூனில் போர் மறுபடி மூண்டபின் குடாநாட்டில் மின்சாரம் நின்றுபோனது. பற்றரி, பெற்றோல் என்று தடைசெய்த பொருட்களின் பட்டியல் நீண்டது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சும் கொஞ்சம் மண்ணெண்ணெயுமாக விளக்கு எரிந்தது. பெற்றோலில் சில துளி விட்டு ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியது. சனங்களுக்குச் செய்தி வேண்டும், றேடியோவுக்குப் பற்றரி இல்லை. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து, பின்சில்லில் டைனமோவை முட்டவைத்து, ஒருவர் பெடலைக் கையால் சுற்ற மற்றவர்கள் சுற்றியிருந்து செய்தி கேட்டார்கள்.

"டைனமோ தாறது ஆடலோட்டம், 6 வோல்ற். றேடியோவுக்கு வேணும் நேரோட்டம். நாலு டயோட்டும் ஒரு பெரிய கொள்ளளவியும் போட்டுக் குடுத்தால் சரி. ஆனா சுத்துறவன் அவசரப்பட்டு வேகமாச் சுத்தினானெண்டால் வோல்ற் ஏறி செற் போயிடும். அப்பிடிப் போன செற்றுகள் எத்தினை என்னட்ட வந்தது தெரியுமே! ஒண்டைக் கழட்டித்தான் மற்றதுக்குப் போடுறது. புதுச் சாமான் எங்க இருந்தது?"

1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு வலிகாமம் முழுவதும் தென்மராட்சிப் பக்கம் பெயர்ந்தபோது, சைக்கிள் கரியரில் அரிசியோடு கட்டிக்கொண்டுபோன சாமான்களில் இந்த வானொலியும் இருந்ததாம். பல மாதம் கழித்துத் திரும்பி வந்து பார்த்தபோது கடையில் மிஞ்சியது ஒன்றுமில்லை. கையில் இருந்த செற்றும் தலைக்குள் இருந்த தொழிலும்தான் மிச்சம்.

அந்தத் தொழில் பையனுக்கு வந்தது 2022 இல். டொலர் இல்லாமல் நாடு திணறி, ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவில் படித்துவிட்டு நகரத்தில் போன் திருத்திக்கொண்டிருந்தவனுக்கு இருட்டில் செய்ய ஒன்றுமில்லை. மாமாவோடு பேசிக்கொண்டிருந்தான். போனுக்குள் இருப்பது கண்ணுக்குத் தெரியாத சில்லுகள், ஒரு பகுதி போனால் பலகையையே மாற்றவேண்டியதுதான். றேடியோவுக்குள் எல்லாம் கண்ணுக்குத் தெரிந்தது, விரலால் தொட்டுக் காட்டக்கூடியதாக இருந்தது. சுற்றை வாசிக்க அவன் அந்த இருட்டில்தான் பழகினான்.

ரான்சிஸ்டர் கிடைத்துவிட்டால் வேலை முடிந்தது என்று நான் நினைத்தேன். அதுதான் தொடக்கம் என்றான். ஒரே றேடியோவில் இருக்கும் இரண்டு ரான்சிஸ்டர்களும் பெருக்கத்தில் சமமாகத் தேர்ந்தெடுத்த சோடி. சத்தம் உடையாமலிருக்க அது அவசியம். ஃபஸ் பேஸுக்கு வேண்டியதோ சமமில்லாத சோடி: முதலாவது 70, 80 மடங்கு, இரண்டாவது 110 இலிருந்து 130 மடங்குக்குள். அதனால் ஒரு றேடியோ போதாது. மாமாவின் பழைய வாடிக்கையாளர் வீடுகளில் கேட்டு இன்னும் பெட்டிகள் சேர்த்தார்கள். அளப்பதிலும் ஒரு நுட்பம் உண்டு. ஜேர்மானிய ரான்சிஸ்டர் தன்பாட்டில் கொஞ்சம் மின்னைக் கசியவிடும். சாதாரண மீற்றர் அந்தக் கசிவையும் பெருக்கமாக எண்ணிக் கூட்டிக் காட்டும். ரான்சிஸ்டரின் ‘பேஸ்’ என்ற காலை எங்கும் தொடுக்காமல் விட்டு முதலில் கசிவை அளந்து, பிறகு பேஸுக்குச் சிறு மின்னோட்டம் கொடுத்து மறுபடி அளந்து, முன்னதைக் கழித்தால்தான் உண்மையான கணக்கு வரும். மாமா இதைக் காதாலேயே செய்வாராம். கசிவு கூடிய ரான்சிஸ்டர் செற்றில் ஸ் என்று இரையும்.

அடுத்த வில்லங்கம் வெயில். இதைத்தான் அச்சுவேலியில் நான் கற்றுக்கொண்ட பெரிய பாடம் என்பேன். ஏறத்தாழ ஒவ்வொரு 10 பாகை வெப்பத்துக்கும் ஜேர்மானியத்தின் கசிவு இரட்டிக்கிறது. லண்டனின் குளிரில் வரைந்த சுற்று இது. அங்கேயே, ஒரு நாள் நன்றாக ஒலித்த பெடல் சூடான மேடையில் மறுநாள் அடைத்துப்போகும் என்று வாசிப்பவர்கள் சலித்துக்கொண்டதுண்டு. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே அது என்ன பாடுபடும்! இரண்டாவது ரான்சிஸ்டரின் கலெக்டர் காலில் பற்றரியின் பாதி, 4.5 வோல்ற், நிற்கவேண்டும். காலையில் சரியாக நின்றது மதியத்தில் நகர்ந்துவிடும். நகர்ந்தால் சுரம் எழுந்த வேகத்திலேயே விக்கி அறுந்துபோகும்.

மூலச் சுற்றில் அந்த இடத்தில் இருப்பது 8.2 கிலோஓம் தடை. பையன் அதைக் கழற்றிவிட்டு, திருகக்கூடிய பிரிசெற் ஒன்றை வைத்திருக்கிறான். அதோடு பெட்டியின் பக்கவாட்டில் ஒரு துளை. வாசிக்கப்போகும் இடத்தில், அந்த நேரத்து வெக்கையில், சின்னத் திருகாணி முறுக்கியைத் துளைக்குள் விட்டு மட்டத்தை அங்கேயே சரிபார்க்கலாம். உலகத்தில் வேறு சிலரும் இந்த வழியைக் கண்டிருக்கிறார்கள். அவனுக்கு அது தன் ஊர் வெயிலிலிருந்து வந்தது. கடையில் வாங்கிய பெடல் இந்த அறிவைத் தந்திருக்காது. வீட்டில் செய்வது மலிவு என்பதற்காக மட்டும் அதை மதிக்கிறவர்கள் இந்த இடத்தைக் கவனிக்கவேண்டும்.

மற்றச் சாமான்களில் சொல்ல அதிகமில்லை. தடையும் கொள்ளளவியும் யாழ்ப்பாணத்துக் கடைகளிலேயே கிடைக்கின்றன. காலால் மிதிக்கும் ஒன்பது கால் சுவிட்சுக்குக் கொழும்புக்குப் போகவேண்டியிருந்தது. புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் தேடி எடுத்தான். சென்னைக்காரர்களுக்கு ரிச்சி தெரு எப்படியோ இலங்கைக்கு அது அப்படி. பெட்டி, வீட்டு மின்வேலையில் சுவருக்குள் பதிக்கும் இரும்புச் சுவிட்ச் பெட்டி. துளை போட்டது பக்கத்து வெல்டிங் கடையில். இரும்பைச் சுற்றின் நிலக்கம்பியோடு இணைத்துவிட்டதால் வீட்டு மின்சாரத்தின் 50 ஹேர்ட்ஸ் ஊமை இரைச்சல் உள்ளே வருவது குறைந்திருக்கிறது. ரான்சிஸ்டர்களை அவன் ஈயத்தால் பற்றவில்லை, தாங்கியில் செருகியிருக்கிறான். ஜேர்மானியம் அயனின் சூட்டைத் தாங்காது. பற்றத்தான் வேண்டுமென்றால் காலைக் குறட்டால் பிடித்துக்கொண்டு, சூடு மேலே ஏறாமல் பற்றவேண்டும் என்று மாமா சொல்லிக்கொடுத்திருக்கிறார். கிற்றார் வயரைக் கழற்றினால் பற்றரியும் தானாக அறுபடும்படி ஸ்ரீரியோ சொக்கற் ஒன்றைப் பூட்டியிருக்கிறான். ஏசி 128 நேர்முனையை நிலமாகக் கொள்ளும் வகை என்பதால் மற்றப் பெடல்களோடு ஒரே அடப்ரரில் இதைச் சேர்க்கக் கூடாது. தனிப் பற்றரிதான்.

பின்னேரம் வெயில் தாழ, வாசித்துக் காட்டினான். முதலில் ஒரு கம்பி. பிறகு சட்ஜமும் பஞ்சமமும் சேர்த்து இரண்டு கம்பி. அந்தச் சோடி இவ்வளவு பலமாக ஒலிப்பதற்குக் காரணம் உண்டு. அவற்றின் அதிர்வு 2க்கு 3 என்ற கணக்கில் நிற்கிறது. உடைந்த அலையில் இரண்டு சுரங்களின் வித்தியாசமும் ஒரு சுரமாகப் பிறக்கும். 3இல் 2 போக மிஞ்சும் 1 என்பது அதே சட்ஜத்தின் கீழ்ஸ்தாயி. வாசிக்காத ஒரு கீழ்ச் சட்ஜம் தானாக வந்து தாங்குகிறது. காந்தாரத்தைச் சேர்த்தால் இவ்வளவு இசைவு வராது, கலங்கும். மேற்கத்திய முரட்டு இசை ஏன் இந்த இரண்டு சுரங்களையே பிடித்துக்கொண்டு நிற்கிறது என்பதற்கு விடை இதற்குள் இருக்கிறது. மாமா கண்ணை மூடிக் கேட்டார். "ஒத்து ஊதிற மாதிரி அடியில ஒண்டு நிக்குது," என்றார். இயற்பியல் நூல் பக்கம் பக்கமாகச் சொல்வதை அவருடைய காது உடனே பிடித்துவிட்டது.

பிறகு பையன் கிற்றாரின் சத்தத் திருகியை முழுக்கத் திறந்து, கடைசிக் கம்பியை அடித்து, அழுத்திய விரலை எடுக்காமல் கீழ்ச்சுரம் நோக்கிச் சறுக்கிக் கொண்டுபோனான். சத்தம் உறுமிக்கொண்டே சரிந்து இறங்கியது.

உள்ளேயிருந்து அவனுடைய அம்மம்மா வாசலுக்கு வந்துவிட்டார். கதவு நிலையைப் பிடித்திருந்த கை நடுங்கியது.

"நிப்பாட்டு ராசா. உது பொம்மர் பதியிற சத்தம்."

அவன் உடனே கம்பிகளைக் கையால் பொத்தினான். யாரும் சிறிது நேரம் பேசவில்லை. 1969 ஆகஸ்டில் வுட்ஸ்டொக் விழாவின் கடைசிக் காலையில் ஹென்ட்ரிக்ஸ் இதே வகைப் பெட்டியை மிதித்துத் தன் நாட்டின் தேசியகீதத்தை வாசித்தார். நடுவில் வியற்நாமில் விழுந்துகொண்டிருந்த குண்டுகளையும் விமானங்களையும் கிற்றாரால் ஒலிக்கச் செய்தார். அதைக் கேட்டுக்கொண்டிருந்த இளைஞர்களில் மிகப் பெரும்பாலோர் விமானம் தலைக்கு மேலே பதிவதைக் கேட்டிராதவர்கள். அதனால் அது அவர்களுக்குக் கலையாகப் போய்ச் சேர்ந்தது. அம்மம்மா பதுங்குகுழியிலிருந்து அந்த மூலத்தையே கேட்டவர். அவருடைய காது தப்பாகச் சொல்லவில்லை. இந்த உறுமலின் பலம் எங்கிருந்து வருகிறதென்று அவர் சொன்னதைவிடத் துல்லியமாக நான் எங்கும் படித்ததில்லை. இந்த மண்ணில் இதை வாசிக்கிறவர்கள் அதை நினைவில் வைத்துத்தான் வாசிக்கவேண்டும்.

பையன் நினைவில் வைத்திருக்கிறான். கிற்றாரின் திருகியைப் பாதிக்குக் கீழே இறக்கினான். பெடலை அணைக்கவில்லை. ஃபஸ் பேஸின் பெரிய குணம் இது: கிற்றாரின் திருகியைக் குறைத்தால் உறுமல் விலகிக் கண்ணாடித் தெளிவில் ஒலிக்கும். காரணம், அந்தச் சுற்று கிற்றாரின் காந்தச் சுருளோடு நேரடியாகப் பிணைந்து வேலை செய்கிறது. அந்தத் தெளிவில் செல்வச்சந்நிதி முருகன்மேல் ஊரில் எல்லோரும் பாடும் ஒரு பாட்டை மெல்ல வாசித்தான். அம்மம்மா வாசற்படியில் அமர்ந்துவிட்டார். பாட்டு முடியும் இடத்தில் திருகியை மயிரிழை கூட்டினான். சுரம் கொஞ்சம் தடித்து நீண்டு நின்றது. "உது நல்லாயிருக்கு," என்றார் அவர்.

இன்னொரு பெட்டியும் செய்து வைத்திருக்கிறான். அதில் ரான்சிஸ்டருக்குப் பதில் 741 என்ற எட்டுக்கால் சில்லு. 1968 இல் அமெரிக்காவில் டேவ் புல்லகர் வடிவமைத்தது, இன்னும் உலகம் முழுக்கச் சில்லறைக் காசுக்குக் கிடைக்கிறது. 1 மெகாஓம் தடையும் 4.7 கிலோஓம் தடையுமாக அது அலையை 200 மடங்குக்கு மேலே பெருக்குகிறது. முடிவில் எதிரெதிராக நிற்கும் இரண்டு டயோட்டுகள் தலையை வெட்டுகின்றன. சிலிக்கன் டயோட் என்றால் 0.6 வோல்ற் அளவில் வெட்டும், பழைய றேடியோவில் அலைவரிசையிலிருந்து ஒலியைப் பிரிக்கும் ஜேர்மானிய டயோட் என்றால் 0.3 வோல்ற்றுக்குக் கிட்ட, இன்னும் மென்மையாக. வெயிலால் இதற்குப் பாதகம் குறைவு. முதன்முதலில் செய்துபார்க்க நினைப்பவர்களுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

யாழ்ப்பாணத்துக்குக் கிற்றார் புதிதில்லை. தேவாலயப் பாடகர் குழுக்களில் அது எப்போதோ இடம்பிடித்துவிட்டது. நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் ஈழத்துப் பொப்பிசையை வீடுவீடாகக் கொண்டுபோனபோது கிற்றாரும் கூடவே போனது. பொருத்துகிற கருவிகளைத்தான் எப்போதும் வெளியிலிருந்து எடுப்பித்திருக்கிறோம். செய்யும் அறிவு நம்மிடம் இருந்ததை மறந்துவிட்டோம். கவிழ்த்த சைக்கிளில் வானொலியைப் பேசவைத்த தலைமுறைக்கு 11 உறுப்புச் சுற்று ஒரு பெரிய காரியமே இல்லை. அவர்களுடைய கை நடுங்கத் தொடங்குவதற்குள் அந்தத் தொழிலை வாங்கிக்கொள்ள ஆள் வேண்டும். உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு 2013 இல் வந்தது. அதைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் செய்முறை வகுப்புக்கு இந்தப் பெடலை எடுத்துக்கொள்ளலாம். பெருக்கம், கசிவு, வெப்பம், அலை என்று பாடத்திட்டத்தின் பாதியை இந்தச் சுவிட்ச் பெட்டிக்குள் காட்டிவிட முடியும். முடிவில் பிள்ளைகளின் கையில் ஒரு வாத்தியமும் இருக்கும்.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய வானொலி கிடந்தால் இரும்புக்காரருக்கு நிறுத்துப் போடாதீர்கள். பற்றரியில் ஓடிய ரான்சிஸ்டர் செற் என்றால் பின்மூடியைக் கழற்றி, உலோகத் தொப்பி போட்ட ரான்சிஸ்டர்களைத் தேடுங்கள். மின்சாரத்தில் செருகும் பழைய வால்வு றேடியோவை மட்டும் தொழில் தெரியாமல் திறக்கவேண்டாம். செருகியைக் கழற்றியபின்னும் அதன் கொள்ளளவிகளில் ஆளை அடிக்கக்கூடிய மின் தங்கியிருக்கும். அதை ஊரில் றேடியோ திருத்தின ஒருவரிடம் கொண்டுபோங்கள். வலிகாமத்தில் அப்படியானவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.